கலெக்டர் குடித்த தண்ணீர்

ஆரணி,
தை மாதம், வியாழக்கிழமை.

அன்பு மகன் உதயாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்க நைனாவும் கை, கால், வாயோடு இருக்கிறோம், எனக்கு வாய் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பூங்காவனம் சொல்கிறாள், அவள் சொல்லை எப்போது நம்பினோம். நீ அந்தப் பனிமலை மேலே மூக்கு சிவக்காமல், விரல் விறைக்காமல், வேளைக்கு எதையாவது சூடாகத் தின்றுகொண்டு இருக்கிறாயா என்பதுதான் பொழுது விடிந்தால் இந்த வீட்டில் முதல் பேச்சு. அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, கோழி கிளறின குப்பை மாதிரிதான் இருக்கும், சிரிக்காமல் படி. உன்னோடு இருக்கிற பையன்களுக்குப் படித்துக் காட்டாதே, இது ஊருக்குச் சொல்லுகிற சமாச்சாரம் இல்லை.

போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குத் தாளை எடுத்துகினு உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். நீ பேசுவதே எப்போதோ ஒரு தடவை, அதுவும் பின்னால் பத்து பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று அவசரம் அவசரமாகப் பேசுகிறாய். இங்கே உங்க நைனாவோ போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, கூழ் ஊத்துகிற அன்றைக்கு மைக்செட் கட்டின மாதிரி தெருவுக்கே கேட்க வைக்கிறார். அவரை எதிரில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவேன். அதனால்தான் கடிதம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், நம்ம கலெக்டருக்கு உடம்பு சரியில்லை. பிழைக்குமா பிழைக்காதா என்று இந்த நிமிஷம் வரைக்கும் தெரியவில்லை. இதைப் படித்ததும் உங்க மிலிட்டரி ஆபீசரிடம் போய் எங்க ஊரில் கலெக்டருக்கு ஆபத்து, லீவு கொடுங்கள் என்று நிற்காதே, உட்கார்ந்து முழுசாகப் படி.

உங்க வேலூர் புறாப்பந்தயக் கிளப்புக்காரர்கள் கால் வளையத்து நம்பரைச் சொல்லித்தான் அதைக் கூப்பிடுவார்கள், எனக்கு நம்பரெல்லாம் வாயில் நுழையாது, அந்தப் பொட்டைப் புறா நெஞ்சை நிமிர்த்திகினு மாடியை மேற்பார்வை பார்க்கிற நடையைப் பார்த்து நான் வைத்த பேர்தான் கலெக்டர், அது பின்னாலேயே தலையை ஆட்டிகினு போகிற ஆண் புறாவுக்கு குமாஸ்தா. தீபாவளி லீவு முடிந்து போகும்போது நீ பந்தயப் புறா எல்லாவற்றையும் எங்க தலையில் கட்டிவிட்டு, எதை எதில் கலக்கணும், எதை எப்போது கொடுக்கணும் என்று வாயாலேயே பாடம் நடத்திவிட்டுப் போனாய் இல்லையா, அதில் ஒரு பாடமும் நான் தப்பவிடவில்லை. முருங்கைக் கீரையை வெயில் படாமல் உலர்த்தணும் என்றாயே என்று தறிக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டேன், உங்க நைனா தலையில் இலை இலையாக உதிர்ந்து, பட்டு நெய்கிறவர் மாதிரி இல்லாமல் கீரை விற்கிறவர் மாதிரி எழுந்து வந்தார். முட்டை ஓட்டை வறுத்து இடித்து, செங்கல் தூள், கிளிஞ்சல், அடுப்புக் கரி, உப்பு எல்லாம் சேர்த்து செம்மண்ணில் பிசைந்து உருண்டை பிடித்துக் காயவைத்தேன், பூங்காவனம் அதைப் பொரிவிளங்கா உருண்டை என்று நினைத்து ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டு போய்விட்டாள், நானும் ஒரு நிமிஷம் சும்மா இருந்துதான் பார்ப்போமே என்று இருந்தேன், அப்புறம் பாவம் என்று தடுத்தேன். பூண்டுச் சாறு பிழிந்து பச்சைப்பயறில் பிசிறி வைப்பதும், ஓமத்தை ஊற வைப்பதும் பார்த்து உங்க நைனா 'கட்டின புருஷனுக்கு ஒரு நாளு பூண்டு ரசம் ஒயுங்கா வெச்சியா, புறாவுக்கு மட்டும் பக்குவம் பாத்துகினு கீறியே'ன்னு கேட்டார். நீயும் அந்தப் புறா மாதிரி கடப்பாவுக்குப் போய்ப் பறந்து வா, உனக்கும் வெச்சுத் தர்றேன்னு சொன்னேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கெட்டது அந்த வினிகரில். தூரம் பறந்து களைத்து வருகிற அன்றைக்கு வெல்லத் தண்ணியில் ரெண்டே ரெண்டு சொட்டு ஆப்பிள் வினிகர் விட்டு வைக்கணும், வயிறு சுத்தமாகும், தெம்பு வரும் என்று சொல்லி ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனாய். அது பொங்கலோடு தீர்ந்துபோனது. நைனா பஜார் முழுக்கச் சுற்றினார், ஆரணியில் ஆப்பிள் கிடைக்கிறது, வினிகர் கிடைக்கிறது, ரெண்டும் சேர்ந்துதான் கிடைக்கவில்லை. கிளப்பு வண்டியில் கலெக்டரைக் கடப்பாவுக்கு ஏற்றிவிட்ட நேரம் அது, அடுத்தது ஐதராபாத் பந்தயம், இதில் ஒரு குறையும் வரக்கூடாது, பையன் சொன்னபடி எல்லாம் நடக்கணும் என்று அவருக்கு ஒரே பேஜார். சாயம் போட்ட பட்டு நூல் வாங்கப் போன இடத்தில் சாயப்பட்டறை தருமனிடம் புலம்பியிருக்கிறார். தருமன் உடனே 'இதுக்கா இம்மாம் அலைச்சலுண்ணா, வினிகர்னா என்னா, நாம பட்டுல சாயம் ஏத்தறதுக்கு ஊத்துறோமே அதே ஆசிட்டுதான், ரெண்டும் ஒண்ணு'ன்னு சொல்லி, ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றியும் கொடுத்துவிட்டான். ஒண்ணுதானாம் கண்ணு, தருமன் பொய் சொல்லவில்லை. ஆனால் கடையில் விற்பது தண்ணியில் துளி ஆசிட் கலந்தது, பட்டறையில் இருப்பது தண்ணியே கலக்காதது, இதை டாக்டர் சொன்ன பிறகுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம். வேறு ஊர்க்காரனாக இருந்தால் கிடைக்கவில்லை என்று சும்மா இருந்திருப்பான், நம்ம ஊர்க்காரனுக்குத்தான் கூப்பிடு தூரத்தில் ஆசிட் இருக்கிறது. அதையாவது சொட்டுக் கணக்கில் விட்டாரா என்றால் அதுவும் இல்லை. சாயத்துக்கு யார் எந்தக் காலத்தில் சொட்டு எண்ணியிருக்கிறார்கள், சொட்டு சொட்டா விட்டா எங்கே பிடிக்கும் என்று அவர் பாட்டுக்கு மூடி மூடியாக ஊற்றியிருக்கிறார். வெல்லம் கரைத்துக் கொடுத்தது நான். பாவம், அவ்வளவு தூரம் பறந்து வருகிறதே என்று தாராளமாகக் கரைத்தேன், அந்த இனிப்புதான் புளிப்பை மறைத்துவிட்டதோ என்னவோ, பழியில் எனக்கும் பாதி உண்டு.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் கடப்பாவில் கூடையைத் திறந்துவிட்டோம் என்று கிளப்பு ஜெயவேல் போன் பண்ணினார். மதியம் சோறு வடிக்கிறதுக்குள்ளே கலெக்டர் வந்து மாடிப் பலகையில் உட்கார்ந்துவிட்டது, இந்தப் பக்கத்துப் புறாவில் அதுதான் முதலில் வந்தது. உங்க நைனா லுங்கியை மடித்துக் கட்டிகினு மாடியில் ஆடின ஆட்டத்தை நீ பார்த்திருக்கணும், எங்க கல்யாணத்துக்குக்கூட அந்த முகம் இல்லை. நீதான் சொல்வாயே, புறா மற்ற பறவை மாதிரி அலகில் துளி எடுத்துத் தலையை அண்ணாந்து குடிக்காது, மூக்கு முழுக வைத்து மாடு உறிஞ்சுகிற மாதிரி ஒரே மூச்சில் உறிஞ்சும் என்று. மலை, காடு தாண்டி எங்கேயும் இறங்காமல் வந்த பறவை, தாகம் எப்படி இருந்திருக்கும், கிண்ணத்தைப் பார்த்ததும் தலையை உள்ளே விட்டு உறிஞ்சிவிட்டது. மாடியிலேயே கிடந்த சோம்பேறிப் புறாக்கள் மூக்கை வைத்து உதறிவிட்டுப் போய்விட்டன, முதலில் வந்ததுதான் மாட்டிக்கொண்டது. நான் துணி எடுக்க மேலே போனவள், இது என்ன மாடியிலே எவன் சாயம் காய்ச்சறான்னு கேட்டுகினே போகிறேன், அங்கே கலெக்டர் தலையை இப்படியும் அப்படியும் உதறுகிறது, வாயில் நூல் நூலாக ஒழுகுகிறது. கிண்ணத்தைத் தட்டிவிட்டேன், சிமெண்டுத் தரையில் சுர்ரென்று நுரைத்தது. அந்த நுரையைப் பார்த்து உங்க நைனா அப்படியே உட்கார்ந்துவிட்டார். 'பட்டு தாங்குதேடி, இது தாங்காதா'ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். 

அப்புறம் நல்ல தண்ணியை ஊற்றி ஊற்றிக் கழுவி, ஞாயிறன்று ஆஸ்பத்திரி கிடையாது என்பதால் மறுநாள் விடிந்ததும் ஜல்தியாகக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடினோம். வரிசையில் எல்லோரும் பசுவும் ஆடுமாகப் பிடித்துகினு நிற்கிறார்கள், நாங்கள் ரெண்டு பேரும் மஞ்சப் பையில் புறாவை வைத்துகினு நடுவில் நிற்கிறோம். பெரணமல்லூரிலிருந்து கன்னுக்குட்டி கொண்டு வந்த ஒருத்தர் எட்டிப் பார்த்து 'கொழம்புக்கு வாங்கினதுக்கு எதுக்கும்மா வைத்தியம்'னு கேட்டார், உங்க கன்னுக்குட்டியையும் பிரியாணிக்குன்னு சொல்லட்டுமாண்ணே என்றேன், அதற்கப்புறம் அவரே எங்களை முன்னாடி விடச் சொன்னார். டாக்டர் நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. மெல்லிசாக ஒரு குழாய் விட்டுத் தீனிப்பையைக் கழுவினார், உள்ளே வெள்ளை வெள்ளையாக வெந்திருக்கிறது என்று டார்ச் அடித்துக் காட்டினார், நான் பார்த்தேன், நைனா பார்க்கவில்லை. தானியம் கூடாது, மண் உருண்டை கூடாது, பூண்டு, ஓமம், பொடி எதுவும் கூடாது, வடித்த கஞ்சித் தண்ணியும் முட்டை வெள்ளைக் கருவும் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி இல்லாத ஊசிக் குழாயால் கொடுங்கள், உள்ளே புண் ஆறி அதுவாகத் தானியம் பொறுக்கினால் பிழைத்த மாதிரி, அதுவரைக்கும் நான் ஒன்றும் சொல்ல முடியாது என்றுவிட்டார். இந்த வருஷம் பந்தயப் பேச்சே எடுக்கக் கூடாதாம்.

கஞ்சியை நான்தான் வைக்கிறேன், தறியில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி மாதிரி கட்டியாக இல்லாமல் துணியில் வடிகட்டி ஊட்டுகிறேன். முதலில் பாதி வெளியே வந்தது, இப்போது முக்கால்வாசி உள்ளே தங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது, நைனா இல்லை என்கிறார். கையில் எடுத்தால் கனமே இல்லை கண்ணு, நெஞ்செலும்பு தறியில் ஓடுகிற நாடாக்கட்டையின் முனை மாதிரி கூராகக் கையில் தட்டுகிறது. எச்சம் தண்ணியாகப் பச்சையாகப் போகிறது, காலையில் எழுந்ததும் கோலம் போடுகிறதுக்கு முன்னால் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன், இந்த வயதில் எனக்கு வந்த உத்தியோகத்தைப் பார். குமாஸ்தா கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து தானும் சரியாகத் தின்னாமல் முனகிகினு இருக்கிறான். என் முருங்கைப் பொடி டப்பாவும், மண் உருண்டையும் மூடி திறக்காமல் அலமாரியில் இருக்கின்றன, தெம்புக்கு என்று சேர்த்ததெல்லாம் இப்போது அதன் பக்கம் போகக் கூடாது, இதைவிட ஒரு கிண்டலை நான்கூடப் பண்ணியிருக்க மாட்டேன்.

புறாவைப் பார்க்கிற பயம் ஒரு பக்கம் என்றால் உங்க நைனாவைப் பார்க்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. அவர் தறியில் இறங்கவில்லை. முகூர்த்தப் புடவை முக்காலில் நிற்கிறது, அதுவும் பார், புறாக்கழுத்துக் கலர், அந்தக் கலரைப் பார்த்தாலே கை ஓடமாட்டேன் என்கிறது என்கிறார். முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்து கேட்டான், ஜுரம் என்று சொல்லி அனுப்பினேன். தருமன் வந்து வாசலில் நின்று 'அண்ணி, ஒண்ணுன்னு சொன்னவன் நான், என்னிய நாலு சாத்து சாத்துங்க'ன்னு அழுகிற மாதிரி நின்றான், நான் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் நைனா 'ஊத்தினது எங்கை, நீ போய்யா'ன்னு அனுப்பிவிட்டார். ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டிருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் கிண்டல் பண்ணுகிறேன், அவர் கூண்டையே பார்த்துகினு இருக்கிறார். வைத்த சோற்றைக் குழப்பிவிட்டு எழுந்துவிடுகிறார். உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார், நான் தலையை ஒரு பக்கமாகத்தான் ஆட்டினேன், அது சத்தியத்தில் சேராது. இப்போதுகூட யாருக்கு எழுதறேன்னு கேட்டார், படவேட்டு அம்மனுக்கு வேண்டுதல் எழுதறேன் என்றேன், அம்மனுக்கு இம்மா நீளமா எழுதினா எப்போ படிச்சு எப்போ செய்யறதுன்னு கேட்டுவிட்டுப் போனார், நாலு நாளில் அதுதான் அவர் பேசின நீளமான பேச்சு. உன் அக்கா அமலா படவேட்டிலிருந்து இந்த ஞாயிறன்று வருகிறாள், அவளுக்கும் ஒன்றும் சொல்லவில்லை, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள், ஏழாம் மாதம், நல்லபடியாக இருக்கிறாள். நடுவில் நீ போன் பண்ணினால் கலெக்டர் எப்படி இருக்குது என்று கேட்பாய், அவர் நல்லா கீதுப்பா என்று பொய் சொல்வார், நானும் ஆமாம் போடுவேன், இந்தக் கடிதம் வந்து சேரும் வரைக்கும் எங்க ரெண்டு பேரையும் மன்னித்துக்கொள்.

இவ்வளவு எழுதினதும் ஒரு புறாவுக்காகத்தானா என்று நினைக்காதே. நீ ஊருக்குப் புறப்பட்ட அன்றைக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறதுக்கு முன்னால் மாடியில் கலெக்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று சொன்னாய், உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. 'இவ ஐதராபாத்துலருந்து வூட்டுக்கு வந்துட்டான்னா நானும் மலையிலருந்து வந்துட்டேன்னு வெச்சுக்கோங்க'ன்னு சிரித்தாய். நானும் சும்மா இல்லாமல், அப்ப அவ முட்டை வெச்சா உனக்குக் கல்யாணம்னு வெச்சுக்கலாமாடா என்றேன், நாம் மூணு பேரும் சிரித்தோம். பையன்கள் பேசுகிற பேச்சு, வாயில் வந்தது, காற்றில் போனது என்று நான் விட்டுவிட்டேன். உங்க நைனா விடவில்லை. தரையில் நுரைத்ததே, அப்போது அவர் உட்கார்ந்தது புறாவுக்காக மட்டும் இல்லை உதயா. தன் கையால் எதில் எதை ஊற்றிவிட்டோம் என்று அவர் மனசில் வேறு ஒரு கணக்கு ஓடிகினு இருக்கிறது, கலெக்டரை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறவர், டிவியில் உங்க பக்கத்து மலைச் செய்தி வந்தால் எழுந்து போய்விடுகிறார். முந்தாநாள் அங்கே பனி சரிந்தது என்று சொன்னார்கள், எந்த இடம் என்று காது கொடுத்துக் கேட்கக்கூட அவருக்குத் தைரியம் இல்லை. நான் கேட்டேன், உன் இடம் இல்லை என்றார்கள், ஆனாலும் அடுத்த செய்தி வரைக்கும் டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா சகுனம் பார்க்கிறவள் இல்லை, பூனை குறுக்கே போனால் எங்கேடி போறேன்னு பூனையைக் கேட்கிறவள், எனக்கே இப்படி இருக்கிறது.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ சொன்ன அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது கலெக்டர் இருக்குமோ இருக்காதோ, அது எதுவாக இருந்தாலும் சரி. புறா புறாதான், நீ நீதான். அது ஐதராபாத் போகவில்லை, இனிமேல் போகவும் வேண்டாம், ஜெயவேலிடம் பேரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அது பிழைத்தாலும் நீ வரணும், அது போனாலும் நீ வரணும், இதில் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் முடிச்சுக் கிடையாது என்று உன் வாயால் உங்க நைனாவுக்குச் சொல்லணும். நான் சொன்னால் நான் எப்போதும் விளையாடுகிறவள், எடுபடாது.

படவேட்டு ரேணுகாம்பாள் திருநீறு இதோடு மடித்து வைத்திருக்கிறேன், காலையில் குல்லா போடுகிறதுக்கு முன்னால் நெற்றியில் இட்டுக்கொள். கம்பளி உறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையோடு நிற்காதே, ரொட்டி பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே, தைரியத்தைக் காட்டுகிறேன் என்று தனியாக எங்கேயும் நடக்காதே. நீ நூறு வயசு நல்லபடியாக, கால் கை வலியில்லாமல், என் வாயைப் பார்த்து பயப்படாத ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வாழணும். மறந்துவிடாதே, அடுத்த தடவை போனில் புறாவைப் பற்றிக் கேட்காதே, நான் எழுதினேன் என்றும் காட்டிக்கொள்ளாதே, முதலில் நைனாவைக் கூப்பிட்டு, அன்னிக்கு மாடியில் ஏதோ உளறினேன், அதெல்லாம் விளையாட்டுப் பேச்சு, நான் கட்டாயம் வர்றேன் என்று பேச்சுவாக்கில் சொல்வது போல் சொல்லிவிடு. கலெக்டருக்குக் கஞ்சி நான் ஊட்டிக்கொள்கிறேன், உங்க நைனாவுக்கு நீதான் ஊட்டணும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்துகினு இருக்கிற
அம்மா திலகவதி